ஹேக்கர்களின் உண்மைக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பறையை ஞாயிறு பின்னேரங்களில் இரவல் வாங்கிக்கொண்டு புத்தகம் பேசுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. கொஞ்ச நாளாக ஹேக்கர்களை, அதாவது அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியில்லாமல் புகுகிறவர்களைப் பற்றிய உண்மைக் கதைகளை எடுத்து வாசிக்கிறோம். புதிதாக யார் வந்தாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன, நானும் அதே பதில்களைத்தான் சொல்கிறேன், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கதைகள் விளங்குமா?

விளங்கும். சில இடங்கள் கம்ப்யூட்டர்காரர்களைவிட உங்களுக்குக் கூடுதலாகவே விளங்கும்.

கிளிஃபர்ட் ஸ்டோலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடம். ஸ்டோல் வானியல்காரர். அந்த வேலைக்கான பணம் தீர்ந்துபோனதால் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே யார் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரைப் பாவித்தார்களோ அதற்குக் காசு அறவிடுவது வழக்கம். மாதக் கணக்கில் 75 சதம் இடிக்கிறது, ஏனென்று பார் என்கிறார்கள். புதிதாக வந்தவனைப் பழக்குவதற்காகக் கொடுக்கிற வேலை.

75 சதம்! வேறு யாராவது என்றால் கையிலிருந்து போட்டுக் கணக்கை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. யாரோ ஒன்பது செக்கன் கம்ப்யூட்டரைப் பாவித்துவிட்டுக் காசு கட்டாமல் போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறார். ஒரு வார இறுதியில், சக ஊழியர்களின் மேசைகளிலிருந்தெல்லாம் பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் இரவல் எடுத்துவந்து, வெளியிலிருந்து உள்ளே வரும் ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் பூட்டிவிட்டு, மேசைக்குக் கீழேயே படுத்துக்கொள்கிறார். வருகிறவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கடதாசியில் விழ வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அந்தக் கடதாசியின் வால் பிடித்துப் போனால் ஜேர்மனியின் ஹனோவர் நகரம் வருகிறது. அங்கே இருந்தவர் மார்கஸ் ஹெஸ். அமெரிக்க இராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து எடுத்த தகவல்களை ஒரு சின்னக் கூட்டமாகச் சேர்ந்து சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த 75 சதத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போகும்போது முள் எங்கே நின்றது, கணக்கப்பிள்ளை என்ன எழுதினார் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற அக்காமார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சம்பளத் துண்டில் ஒரு அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை, குறைந்தால் மாதக் கடைசியில் அதைச் சரியாகச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். இவ்வளவு சின்னத் தொகைக்கா என்று வெளியாள் கேட்பான். குறைந்தது எவ்வளவு என்பதைவிட யார் எடுத்தது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. ஸ்டோலும் அந்த ரகம். அமெரிக்க மத்திய புலனாய்வுத்துறையான எஃப்.பி.ஐ.யிடம் போனபோது, பெரிய தொகை ஒன்றும் போகவில்லையே என்று அவர்கள் கணக்கெடுக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் சிரித்த இடம் அது. பல்லைக் கடித்த இடமும் அதுதான்.

துப்பறியும் நாவல் வாசித்தால் போதாதா? உண்மைக் கதையில் அப்படி என்ன கூடுதல்?

நாவலில் தற்செயல் வந்தால் எழுத்தாளர் ஏமாற்றுகிறார் என்று நமக்குக் கோபம் வரும். உண்மைக் கதையில் அதே தற்செயல் வந்தால் மயிர்க்கூச்செறிகிறது.

2017 ஜூன் 27. உக்ரைனில் கணக்கு வைப்பதற்குப் பரவலாகப் பாவிக்கும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக நொட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவுகிறது. உலகக் கப்பல் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்த மெர்ஸ்க் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் கறுத்துப்போகின்றன. நிறுவனத்தில் யார் யார், யாருக்கு எதற்குள் நுழைய அனுமதி என்ற பெரிய பதிவேட்டை வைத்திருந்த சேர்வர்கள் கிட்டத்தட்ட 150, உலகம் முழுக்கப் பரவிக் கிடந்தன. ஒன்று அழிந்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று தப்பியது, ஆபிரிக்காவில், கானா நாட்டில். ஏன் தப்பியது தெரியுமா? தாக்குதல் நடந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட் அனுபவித்த நமக்கு இந்த வரியை எப்படி வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! அந்தத் தகவலை நெட் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்றால் கானாவில் இணைப்பு படு வேகக்குறைவு. ஆளை அனுப்பலாம் என்றால் அங்கிருந்த ஊழியர்களிடம் இங்கிலாந்து விசா இல்லை. கடைசியில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோகிறார். கோடிக்கணக்கான டொலர் நிறுவனம் அஞ்சலோட்டக் கம்பு மாதிரி ஒரு பெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி உயிர் பிழைத்தது. இதை நாவலில் எழுதினால் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார்.

படங்களில் வருவதுபோல் இருட்டறை, பச்சை எழுத்து, படபடவென்று தட்டுவது எல்லாம் நிஜத்தில் உண்டா?

பெரும்பாலும் காத்திருப்புதான். ஸ்டோல் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை அலுக்காமல் எழுதத் தெரிந்தவர்தான் இந்த வகையில் நல்ல எழுத்தாளர்.

அமெரிக்க ஹேக்கர் கெவின் மிட்னிக்கைப் பற்றி ஏன் எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள்? அவருடைய தொழில்நுட்பமெல்லாம் பழசாகிவிட்டதே?

தொழில்நுட்பம் பழசுதான், ஆனால் அவர் உடைத்தது பெரும்பாலும் மனிதர்களை. மனிதர்கள் அப்படியேதான் இருக்கிறோம்.

அவருடைய முதல் வித்தை லொஸ் ஏஞ்சலிஸ் பஸ்ஸில். 12 வயதுப் பையன். அங்கே ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு துண்டு கொடுப்பார்கள், சாரதி அதில் ஒரு விசேஷ வடிவத்தில் துளை போடுவார். பள்ளிக்கூட வேலைக்கு வேண்டும், இந்தத் துளை போடும் கருவி எங்கே கிடைக்கும் என்று பையன் சாரதியிடமே கேட்கிறான். சாரதியும் சொல்லிவிடுகிறார். மீதமான வெற்றுத் துண்டுகள் பஸ் டிப்போவின் குப்பைத் தொட்டியில் கிடக்கின்றன. அப்புறம் என்ன, ஊர் முழுக்க இலவசப் பயணம்! இதில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பார்வை, துணிச்சல், வாய். பின்னால் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்ததும் இதே முறையில்தான்: உள்ளே வேலை செய்கிற ஆள் மாதிரி போன் எடுத்து, அவர்களுடைய வார்த்தைகளிலேயே பேசி, அவசரம் காட்டி, நன்றி சொல்லி வைப்பது.

1995 பெப்ரவரியில் வட கரோலினாவின் ராலி நகரத்தில் பிடிபட்டார். கிட்டத்தட்ட ஐந்து வருடம் உள்ளே இருந்தார், அதில் ஒரு பகுதி தனிச்சிறையில். போன் கிடைத்தால் விசிலடித்தே அணுகுண்டை ஏவிவிடுவார் என்று வழக்குத் தரப்பு நீதிபதியை நம்பவைத்தது என்று மிட்னிக் காலம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். 2000 ஜனவரியில் வெளியே வந்தார், பிறகு அதே வித்தையைக் கம்பெனிகளின் அனுமதியோடு செய்து சம்பாதித்தார், 2023 ஜூலையில் 59 வயதில் இறந்துபோனார்.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மிட்னிக் பகுதியை வாசித்து முடித்ததும் அவர் கேட்டது: "ஏன் சேர்மாரும் மிஸ்மாரும்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்?" நல்ல கேள்வி. வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்ட் முடங்கப்போகிறது, இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில், மரியாதையாக ஒரு குரல் வந்தால், மரியாதைக்கு மரியாதை கொடுத்துப் பழகியவர்கள் போனை வைக்கக் கூச்சப்படுகிறார்கள். பஸ் சாரதிக்கும் அதே கூச்சம்தான்: படிக்கிற பிள்ளை கேட்கிறதே! மிட்னிக் கதையை வாசிக்கும்போது அவர் ஏமாற்றுகிற ஆள் நாமாக இருந்திருந்தால் எந்த வசனத்தில் விழுந்திருப்போம் என்று ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அந்தக் கதையின் ருசி முக்கால்வாசி அங்கேதான்.

நம்ம நாட்டோடு சம்பந்தப்பட்ட கதை ஏதாவது உண்டா?

உண்டு, நாம்தான் அதிகம் பேசுவதில்லை.

உலகத்தின் மிகப் பெரிய வங்கித் திருட்டு முயற்சிகளில் ஒன்று இலங்கை வழியாகப் போய், இலங்கையில் தடுக்கி விழுந்தது. 2016 பெப்ரவரி. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் அந்த வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டொலரை எடுக்க 35 கட்டளைகள் அனுப்பினார்கள். நாள் பார்த்ததைக் கவனியுங்கள். வியாழன் இரவு ஆரம்பம். வெள்ளியும் சனியும் பங்களாதேஷில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில் விடுமுறை. திங்கள் பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பரிமாற்றங்களைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரையும் செயலிழக்க வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்த்தவர்கள் அதைச் சாதாரணப் பழுதென்று நினைத்தார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணாத ஆபீஸ் எது?

8 கோடி 10 லட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் கணக்குக்குப் புறப்பட்டது. வரும் வழியில், அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப் பிழையோடு இருப்பதை இடையிலிருந்த ஜேர்மன் வங்கி பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டது. பணம் நின்றது, திரும்பியும் போனது. இன்னொரு பக்கம், மணிலாக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிட்டர். தற்செயலாக அதே பெயரில் ஒரு கப்பல் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருந்ததால் நியூயோர்க்கின் கம்ப்யூட்டர் மீதிக் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைத்தது. ஒரு நாட்டின் கஜானா ஓர் எழுத்தாலும் ஒரு தெருப்பெயராலும் தப்பியது! அமெரிக்கா பின்னர் இதற்காக வட கொரியர் ஒருவர்மீது குற்றம் சாட்டியது.

அதே 2016, ஓகஸ்ட் மாதம். இது மலைநாட்டுக் கதை. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டுக் காலத்தில் ஏப்ரலில் வைக்கும் முடிவை மாற்றச் சொல்லி ஒரு செய்தியைப் போட்டுவிட்டார்கள். பொலிஸ் தேடிப்போய்ப் பிடித்தது கடுகண்ணாவையில் ஒரு 17 வயதுப் பாடசாலை மாணவனை. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் வருகிறவர்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற அதே கடுகண்ணாவைதான். உலக ஊடகங்களெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதின. எனக்கு அதில் சிரிப்பு மட்டும் வரவில்லை. அரசாங்கத்திடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஒரு பையன் நினைக்கிறான், மனு எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், அந்த இடத்திலிருந்து கதையை ஆரம்பித்தால் அது வேறு கதையாகிவிடும்.

மூன்றாவது ஒன்று, 2021 பெப்ரவரி 6. டொட் எல்கே என்று முடியும் இலங்கை இணைய முகவரிகள் சில, கூகுளின் இலங்கை முகவரி உட்பட, திசைதிருப்பப்பட்டன. போனவர்கள் பார்த்தது நாட்டுப் பிரச்சினைகளைப் பட்டியல் போட்ட ஒரு பக்கம். அதில் தேயிலைத் தொழிலின் நிலைமையும் இருந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக மலையகம் கொதித்துக்கொண்டிருந்த அதே நாட்கள். யார் செய்தது, சரியா தவறா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். நம்ம லயத்து விஷயம் கூகுளைத் திறந்தவன் முகத்துக்கு முன்னால் போய் நின்றதே, அதை நினைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

திருடர்களை வீரர்களாக்கிப் பார்ப்பது சரியா?

சரியில்லை. ஆனால் நல்ல கதைகள் அப்படிச் செய்வதில்லை, நாம் வாசிக்கும்போதுதான் செய்துகொள்கிறோம். ஆள் கெட்டிக்காரன் என்றதும் நமக்குள் ஒரு மயக்கம், பெரிய கம்பெனியோ அரசாங்கமோ அடிபட்டால் ஒரு சின்ன சந்தோஷம். துரைமாரை ஏமாற்றிய கதைகளை வாயில் போட்டு மென்று வளர்ந்தவர்கள் நாம், அந்தச் சந்தோஷம் வராது என்று பொய் சொல்லமாட்டேன். வரட்டும். வந்தபிறகு யார் அழுதார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். ஒருவர் ஒனெல் டி குஸ்மான். மணிலாவில் கம்ப்யூட்டர் படித்த இளைஞர். நெட்டுக்குக் காசு கட்ட வசதியில்லாதவர்கள் மற்றவர்களுடைய பாஸ்வேர்டை எடுத்துப் பாவிக்கலாம் என்று படிப்புக்கான ஆய்வுத் திட்டமே எழுதிக் கொடுத்தவர், கல்லூரி நிராகரித்துவிட்டது. 2000 மே 4ஆம் திகதி, 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சல்கள் உலகத்தைச் சுற்றின. காதல் கடிதம் என்று திறந்தவர்களின் கோப்புகள் போயின, அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே கடிதம் போனது. பிலிப்பைன்ஸில் அப்போது இதற்குச் சட்டமே இருக்கவில்லை, ஆகவே வழக்கும் நிற்கவில்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது. 20 வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் தேடிப்போனபோது மணிலாவில் போன் திருத்தும் சின்னக் கடையில் இருந்தார், நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் திருத்துகிற தம்பிமாரைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் வருகிறது, பாவம், அவர்களுக்கு இது தெரியாது.

மற்றவர் மார்கஸ் ஹட்சின்ஸ். 2017 மே மாதம் வன்னக்ரை என்ற நிரல் இங்கிலாந்தின் பல ஆஸ்பத்திரிகளை முடக்கியபோது, அதற்குள் ஒரு நீளமான அர்த்தமில்லாத இணைய முகவரி இருப்பதைக் கண்டு, சுமார் 11 டொலருக்கு அதைப் பதிவுசெய்தார். பரவல் நின்றது. வயது 22. உலகமே தூக்கிக் கொண்டாடியது. மூன்று மாதம் கழித்து லாஸ் வேகாஸில் எஃப்.பி.ஐ. கைது செய்தது: பதின்ம வயதில் வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரல் எழுதியிருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 ஜூலையில் நீதிபதி, ஏற்கெனவே காவலில் இருந்த நாட்களே போதும் என்று விட்டார்.

இவர் வீரரா திருடரா? எங்கள் கூட்டத்தில் இதில் இரண்டு கட்சி, இன்னும் தீரவில்லை. நான் நீதிபதி கட்சி.

இந்தக் கதைகளில் பெண்களே இல்லையே?

இருக்கிறார்கள், அட்டைப்படத்தில் இல்லை. ஸ்டோல் கதையில் ஹனோவரின் பழைய தொலைபேசி நிலையத்தில் இணைப்பைக் கையால் தேட வேண்டியிருந்தது, அதற்கு நேரம் போதவில்லை. உள்ளே வருகிறவன் நீண்ட நேரம் தங்கி வாசிக்கும்படி பொய்யான இராணுவக் கோப்புகளைச் செய்துவைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது சட்டம் படித்துக்கொண்டிருந்த ஸ்டோலின் காதலி. அந்தத் தூண்டில்தான் மீனைப் பிடித்தது. மணிலா வங்கிக் கிளையின் முகாமையாளரும் ஒரு பெண்தான், அந்தத் திருட்டில் பணச்சலவைக்காக 2019இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட முதல் ஆள் அவர். மேலே இருந்தவர்களுக்காகத் தன்னைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். அவர் பக்கத்திலிருந்து அந்தக் கதையைச் சொன்னால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

தொழில்நுட்ப விளக்கம் வரும் பக்கங்களைத் தாண்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஒருமுறை மெதுவாக முயன்று பாருங்கள். நல்ல எழுத்தாளர் ஒரு பூட்டு எப்படித் திறந்தது என்பதை நாம் பாடசாலையில் படித்த அறிவை வைத்தே விளங்கவைப்பார். பெர்க்லியில் ஹெஸ் நுழைந்த வழி ஒன்றும் மந்திரமில்லை. அஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் ஒரு சின்ன நிரலுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். எந்த இடத்துக்கு என்று அது சரிபார்ப்பதில்லை. அதனால் தன் போலி நிரல் ஒன்றை, போகக்கூடாத அறைக்குள் அந்த நிரலின் கையாலேயே வைக்கச் செய்தார். மூன்று நான்கு வரி. இதை இரண்டு அத்தியாயத்துக்கு இழுக்கிறார் என்றால் எழுத்தாளருக்கே சரியாக விளங்கவில்லை என்று அர்த்தம், அப்போது தாண்டுங்கள்.

வாசித்துப் பாதியில் தூக்கிப்போட்ட புத்தகங்கள் உண்டா? எது கெடுக்கிறது?

ஏராளம். முதல் கோளாறு, இருட்டறையில் தனியாக இருந்த ஆள் மனசுக்குள் என்ன நினைத்தான் என்று பத்தி பத்தியாக எழுதுவது. அவனே சொன்னானா, வாக்குமூலத்தில் இருக்கிறதா, இல்லை எழுத்தாளர் கட்டிவிட்டதா? இது தெரியாவிட்டால் உண்மைக் கதை என்ற பெயரில் ரீல் ஓடுகிறது. இரண்டாவது, இழப்புத் தொகையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பயம் காட்டுவது. கோடிகள் ஓர் அளவுக்கு மேல் வெறும் பூச்சியங்கள், எனக்கு ஒன்றும் ஆவதில்லை. மெர்ஸ்க்கின் இழப்பு 25 முதல் 30 கோடி டொலர் என்று மதிப்பிட்டார்கள், அதை நான் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். விசா இல்லாத அந்த கானா ஊழியர்களை மறக்கவே முடியவில்லை.

என் மகன் இதையெல்லாம் வாசித்துவிட்டு ஹேக் பண்ணப் போய்விட்டால்?

அம்மாமார் கேட்கிற கேள்வி, நியாயமானதும்கூட. கொலைக் கதை வாசித்தவர்களெல்லாம் கொலை செய்யவில்லை என்று தட்டிக்கழிக்கமாட்டேன், ஏனென்றால் இங்கே கருவி ஏற்கெனவே பிள்ளையின் கையில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதே குற்றம், ஒன்றையும் எடுக்காவிட்டாலும் சரி. சும்மா பார்த்தேன் என்பது பதிலாகாது. கடுகண்ணாவைப் பையனின் கதையை முழுதாகச் சொல்லுங்கள், பொலிஸ் வந்த பகுதியோடு.

அப்புறம் இன்னொரு கதையையும் சொல்லுங்கள். 1988 நவம்பரில் ரொபர்ட் மொரிஸ் என்ற கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் இணையத்தில் ஒரு புழுவை, அதாவது தானாகவே பரவும் நிரலை, விட்டார், கணக்குப் பிழைத்து அது பெருகி ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அவருடைய அப்பா அமெரிக்க அரசின் பாதுகாப்பு முகவரகத்தில் கம்ப்யூட்டர் நிபுணர்! மகனுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணித்தியாலச் சமூகசேவை, 10 ஆயிரம் டொலருக்குமேல் அபராதம். பிற்பாடு எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். எல்லாப் பிள்ளைக்கும் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது, லயத்துப் பிள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு வழி இருக்கிறது: தங்கள் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு கொடுக்கிற கம்பெனிகள் நிறைய, விதிகளை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாமே இப்படி ஒரு கதை எழுத முடியுமா? எதை எழுதுவது?

முடியும். ஒன்று காத்துக்கொண்டே இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரச அலுவலகங்களின் தரவுகளை நெட் வழியாகச் சேர்த்துவைக்கும் மேகக் கணினி அமைப்பை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல் ஒன்று தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போய்விட்டன. மென்பொருள் காலாவதியானது, அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதியும் இல்லை. செய்திகளில் இரண்டு நாள் ஓடியது, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மாதக் கடிதங்களில் என்ன இருந்தது? யாரோ ஒருவருடைய இடமாற்றம், யாரோ ஒருவருடைய ஓய்வூதியம், ஏதோ ஒரு பாடசாலைக்குக் கேட்ட மலசலகூடம். அலுவலகத்தில் உட்கார்ந்து, கடிதம் அனுப்பினோமே என்று சொன்னவரும், எங்களுக்கு வரவில்லை என்று சொன்னவரும், இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம்! ஹேக்கரைப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு பிரதேச செயலகத்தில் ஒரு எழுதுவினைஞரின் அந்த வாரத்தை மட்டும் கேட்டு எழுதினால் போதும்.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாள் விடுமுறை, போயா எப்போது என்று பாருங்கள், பங்களாதேஷ் கதையே விடுமுறைகளின் கதைதான். ஏமாந்தவர்களின் பெயரைப் போடாதீர்கள். ஊரில் முகம் காட்ட முடியாமல் போவது, காசு போனதைவிடப் பெரிய தண்டனை.

எதிலிருந்து தொடங்கட்டும்?

ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் ஸ்டோல் 1989இல் எழுதிய 'த குக்கூஸ் எக்'. அவர் தன்னையே கேலி செய்துகொண்டு எழுதுவதால் அகராதி கூட அதிகம் தேவைப்படாது. ஆங்கிலம் கஷ்டமென்றால் எங்கள் கூட்டத்துக்கே வந்துவிடுங்கள், தங்கச்சி ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துத் தமிழில் சொல்கிறார், நன்றாகவே சொல்கிறார். ஒன்று மட்டும், பின்னேரம் ஐந்தரைக்கு முடித்துவிடுவோம். மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டும்.